பன்னிரண்டாவது பெயர்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் கிட்ட. கடல்காற்று பேச்சைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது, என் தொண்டையும் முன்னைப்போல் இல்லை. பாயில் இடம் இருக்கிறது. ஐயாயிரம் மைல் பறந்து வரவேண்டிய ராக்கெட் ஒன்றை ஒரு நாள் முழுக்கக் கிளம்பவிடாமல் நிறுத்திவைத்த பெண்பிள்ளையின் கதை சொல்கிறேன். அவள் செத்து ஆறு நாள் ஆன பிறகு நிறுத்தினாள். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். நாங்களும் பின்னாளில் சிரித்திருக்கிறோம்.

அவள் என் அம்மா. பெயர் லிமேத்தோ.

எங்கள் தீவு ஏனிலோக். ஒரு முனையில் தேங்காய் விழுந்தால் மறுமுனையில் இருப்பவர் எந்த மரம் என்று சொல்லிவிடுவார், அவ்வளவு சின்னது. ஒரு பக்கம் காயல், ஒரு பக்கம் வெளிக்கடல். நிலம் அம்மா வழி. அம்மாவுக்கு அவள் அம்மாவிடமிருந்து வந்தது. அவளுக்குப் பிறகு எனக்கு.

முதலில் ராக்கெட் வரவில்லை. முதலில் வந்தது ஒரு வரைபடம். அறுபதுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை, பெரிய தீவில் இருக்கும் ராணுவத் தளத்திலிருந்து அமெரிக்கர்கள் நாலு பேர் படகில் வந்தார்கள். தேவாலயத்துக்குள் பாயில் வரைபடத்தை விரித்தார்கள். காற்றில் சுருண்டது. அம்மா வாசலில் கிடந்த நாலு கூழாங்கல்லை எடுத்து வந்து நாலு மூலையிலும் வைத்தாள். அந்த உதவியைச் செய்தது அவள்தான். அவர்களில் ஒருவர் பென்சிலால் காயலுக்குக் குறுக்கே இரண்டு கோடு போட்டார். இரண்டு கோட்டுக்கும் நடுவில் எங்கள் தீவு மாட்டிக்கொண்டது.

அவர்களோடு மொழிபெயர்க்க வந்தவர் பிலிமோன். எங்கள் ஆள்தான், தெற்குத் தீவுக்காரர், மிஷன் பள்ளியில் படித்தவர். அவர் சொன்னது இது: அமெரிக்காக் கரையிலிருந்து ராக்கெட்டை எறிவார்கள், அது வந்து எங்கள் காயலில் விழும், சொன்ன இடத்தில் விழுகிறதா என்று பார்ப்பார்கள். இதற்கு முன்னால் இத்தனை தூரம் எறிந்து பார்த்ததில்லையாம், இப்போதுதான் ஆரம்பமாம். அதனால் இரண்டு கோட்டுக்கும் நடுவே யாரும் இருக்கக் கூடாது.

"சொன்ன இடத்துல விழலைன்னா?" என்று அம்மா கேட்டாள்.

பிலிமோன் அதை மொழிபெயர்த்தார். அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். "அதுக்குத்தான் உங்களைப் போகச் சொல்றாங்க" என்றார் பிலிமோன்.

"அவ்வளவு சந்தேகம் இருந்தா அவங்க வீட்டு வாசல்லயே போட்டுப் பார்க்கலாமே. பக்கத்துல இருக்கும், நடந்து போய்ப் பார்த்துட்டு வரலாம்."

பிலிமோன் இதை மொழிபெயர்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தார், பிறகு வரைபடத்தைப் பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மனிதருக்கு எதைச் சொல்லாமல் விடுவது என்று தெரியும்.

கொஞ்ச காலம்தான் என்றார்கள். எபாய் தீவில் எங்களுக்கு வீடு கட்டி வைத்திருந்தார்கள், போனோம். எல்லாம் ஒரே மாதிரி வீடு, ஒன்றின் முதுகில் ஒன்று. குடித்துவிட்டு வருகிறவன் யார் வீட்டுக் கதவையாவது தட்டுவான். குடிக்காதவனும்தான். ஈரப்பலா மரம் கிடையாது. தாழை கிடையாது. டின் மீனும் அரிசியும் கப்பலில் வரும். ராக்கெட் விழுகிற நாளில் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். மற்ற நாளில் எங்கள் தீவுக்குப் போகவேண்டுமானால் அனுமதிச் சீட்டு வேண்டும். இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருந்த கடலுக்கு நாங்கள் 'மூடின கடல்' என்று பெயர் வைத்தோம். கடைக்குக் கதவு மூடுகிற மாதிரி.

இரண்டாம் வருஷம் அம்மாவுக்கு இருமல் வந்தது. போகவில்லை. ஒரு புதன்கிழமை விடியலில் அவள் போனாள்.

போவதற்கு முந்தின நாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள். "நெய்தாரி, என்னை என் மண்ணுல போடு. ஆறாம் நாள் கல் பரப்பு. மத்ததெல்லாம் உன் அண்ணன் பார்த்துப்பான்."

அவ்வளவுதான் கேட்டாள். எங்களில் செத்தவர் செத்த உடனே கிளம்பிவிடுவதில்லை. புதைத்த நாளிலிருந்து எண்ணி ஆறாம் நாள், பிள்ளைகள் வெளிக்கடல் பக்கத்துக் கரையிலிருந்து வெள்ளைக் கூழாங்கல் பொறுக்கி வந்து மேட்டின் மேல் பரப்ப வேண்டும். அதுதான் அவருக்குப் படுக்கை. அதுவரைக்கும் அவர் வீட்டு ஆள். எங்கள் வீட்டில் அந்த ஆறு நாளும் சாப்பிடும்போது அவருக்கும் ஒரு தட்டு வைப்போம்.

எனக்கு அழுகை வரவில்லை. வெகுநேரம் கால் மடக்கி உட்கார்ந்து எழுந்தால் கால் மரத்துப்போயிருக்குமே, நம் கால்தானா என்று தட்டிப் பார்ப்போமே, அப்படி இருந்தது உடம்பு முழுக்க. துவைத்தேன், உலர்த்தினேன், வந்தவர்களுக்குச் சோறு போட்டேன். அம்மாவின் தங்கை லிஜோன் சின்னம்மா என்னை உற்று உற்றுப் பார்த்தாள். "அழுடி. ஊர் என்ன பேசும்?" என்றாள். "அப்புறம் அழறேன் சின்னம்மா" என்றேன். ஏதோ துணி மடிக்கிற வேலையைத் தள்ளிப்போடுகிற மாதிரி.

என் அண்ணன் அத்தாஜி தளத்துச் சமையலறையில் பாத்திரம் கழுவுகிற வேலையில் இருந்தான். அவன் போய் அலுவலகத்தில் நின்று சீட்டு வாங்கி வந்தான். வியாழக்கிழமை ஒரு நாள் மட்டும். காலையில் போய் மாலையில் திரும்ப வேண்டும். வருகிற எல்லோர் பெயரையும் எழுதித் தர வேண்டும்.

"நீ எழுது. என் எழுத்தைப் பார்த்தா அவனுங்களே ராக்கெட்டை நிறுத்திடுவானுங்க" என்றான்.

எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து நானே எழுத்துப் பழகினவள். தேவாலயத்து விருந்துக்குப் பங்கு பிரிக்க வீட்டு ஆட்கள் பெயரை எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். அதே வரிசையில்தான் கை போயிற்று. மூத்தவர் முதலில். லிமேத்தோ. அப்புறம் லிஜோன். அப்புறம் அத்தாஜி, அவன் மனைவி, பிள்ளைகள், நான். பன்னிரண்டு பெயர். எண்ணிப் பார்த்தேன். சரியாக இருந்தது.

காலையில் படகுத்துறையில் ஒரு சிப்பாய் காகிதத்தைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டான். கூப்பிடக் கூப்பிடக் கை தூக்கினோம். "லிமேத்தோ" என்று கூப்பிட்டான். அண்ணன் சவப்பெட்டியின் மேல் கையை வைத்து, "இருக்காங்க" என்றான். சிப்பாய் தலையைத் தூக்காமல் ஒரு கோடு போட்டான். எங்களில் யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. இருந்தாள் அல்லவா, பெட்டிக்குள்.

ஏனிலோக்கில் வீட்டுக் கூரை ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. விட்டுவிட்டுப் போன கோழிகள் எங்களைக் கண்டு ஓடின, எங்கள் கோழிகளே. பாட்டியின் பக்கத்தில் குழி வெட்டினோம். பாதிரியாரால் ஜெபம் சொல்ல வரமுடியவில்லை. சின்னம்மா சொன்னாள், இரண்டு இடத்தில் தப்பாக. மண்ணை மூடி, மரச்சிலுவை நட்டு, அதில் அண்ணன் ஆணியால் அம்மா பெயரைக் கீறினான்.

அப்புறம் நான் வெளிக்கடல் பக்கம் போய்க் கல் பொறுக்க ஆரம்பித்தேன். தலைமாட்டுக்கு மொச்சைக்கொட்டை அளவு, ஓரத்துக்குப் புறாமுட்டை அளவு. கடலில் அலசி ஓலைக்கூடையில் நிரப்பி வந்து மேட்டின் பக்கத்தில் வைத்தேன்.

அண்ணன் கூடையைப் பார்த்தான். "நல்லதாப் போச்சு. பரப்பிடலாம்."

"இன்னிக்கு முதல் நாள்தானே?"

"தெரியும். செவ்வாய்க்கிழமை ஆறாம் நாள். செவ்வாய்க்கிழமை ராக்கெட் விடறாங்க. சீட்டுக் கேட்டாச்சு, கிடையாதுன்னாச்சு. இன்னிக்கே பரப்பினா கடவுள் என்ன விரல் விட்டா எண்ணிட்டிருப்பாரு?"

"கடவுள் எண்ண மாட்டாரு. அம்மா எண்ணுவா."

"சரி, விட்டுட்டுப் போ. மழையில எல்லாம் உருண்டு போகட்டும். அவ படுக்கை இல்லாம உக்காந்தே இருக்கட்டும். அதுதான் வேணுமா உனக்கு?"

"முதல் நாளே பரப்பினா, சீக்கிரம் கிளம்புன்னு கழுத்தைப் பிடிச்சுத் தள்ளற மாதிரி. ஏற்கெனவே ஒரு தடவை தள்ளியாச்சு அவளை."

அண்ணன் மண்வெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் படகுப் பக்கம் போய்விட்டான். கூடை மேட்டின் பக்கத்திலேயே இருந்தது. எப்படித் திரும்பி வரப் போகிறேன் என்று எனக்குத் தெரியாது. நீந்தி வருவேன் என்றெல்லாம் நினைக்கவில்லை. எதையும் நினைக்கவில்லை. கூடையின் மேல் ஒரு ஓலையை மூடிவிட்டு வந்தேன்.

மாலையில் துறையில் வேறொரு சிப்பாய் தலையை மட்டும் எண்ணினான். பதினொன்று என்று வேறொரு காகிதத்தில் எழுதிக்கொண்டான். நாங்கள் வீட்டுக்குப் போனோம்.

வெள்ளி, சனி, ஞாயிறு. வேளாவேளைக்கு அம்மாவுக்குத் தட்டு வைத்தோம். சோறும் டின் மீனும். அவளுக்கு டின் மீன் பிடிக்காது. வேறு என்ன இருக்கிறது வைக்க? ஒவ்வொரு வேளையும் தட்டு வைக்கும்போது அண்ணன் என்னைப் பார்ப்பான், நான் பார்க்க மாட்டேன். செவ்வாய்க்கிழமை வரும், கல் பரப்பாமல் போகும், அப்புறம் தட்டு வைப்பதை நிறுத்துவதா வேண்டாமா? அது ஒன்றுதான் என் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. துக்கம் இல்லை. தட்டு.

திங்கட்கிழமை மத்தியானம் வாசலில் ஒரு அதிகாரி வந்து நின்றார். வெயிலில் மூக்கு உரிந்து சிவந்திருந்தது. அவர் பெயர் எங்களுக்குக் கடைசிவரை தெரியாது. செம்மூக்கர் என்றே வைத்துக்கொண்டோம். கூட பிலிமோன். செம்மூக்கரின் கையில் இரண்டு காகிதம். ஒன்றில் பன்னிரண்டு, ஒன்றில் பதினொன்று.

தெருவே கூடிவிட்டது. பிலிமோன் கேட்டார்: "வியாழக்கிழமை உங்ககூடப் போன லிமேத்தோ எங்கே?"

"ஏனிலோக்ல இருக்காங்க" என்றான் அண்ணன்.

பிலிமோன் சொன்னதும் செம்மூக்கரின் மூக்கு இன்னும் சிவந்தது. ஏன் திரும்பி வரவில்லை என்று கேட்டார்.

"வர மாட்டாங்க."

"ஏன் வர மாட்டாங்க?"

"அது அவங்க மண்ணு. அங்கேயே இருக்கணும்னு சொல்லிட்டாங்க."

"நாளைக்கு அங்கே ராக்கெட் விழும்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். முதல்ல சொன்னதே அவங்ககிட்டத்தானே. வரைபடத்துக்குக் கல்லு வச்சது யாரு?"

"இப்ப அங்கே என்ன பண்றாங்க?"

"படுத்திருக்காங்க" என்று அண்ணன் சொன்னான். பிறகு என் பக்கம் திரும்பி, "இல்ல, இன்னும் படுக்கலை. அதுக்குத்தான் சண்டை" என்றான்.

பின்னாலிருந்து சின்னம்மா குரல் கொடுத்தாள். "டேய் அத்தாஜி, அக்கா செத்துப்போனதைச் சொல்லுடா. அந்த மனுஷன் முகத்தைப் பாரு, கொஞ்ச நேரத்துல அவருக்கும் ஒரு குழி வெட்டணும் போல இருக்கு."

பிலிமோன் சொன்னார். செம்மூக்கர் காகிதத்தைக் காட்டினார். பெயருக்குப் பக்கத்தில் கோடு இருந்தது. கூப்பிட்டதற்குச் செத்தவர் எப்படிப் பதில் சொன்னார் என்று கேட்டார்.

"நான் சொன்னேன்" என்றான் அண்ணன்.

"இதை எழுதினது யாரு?"

"நான்தான்" என்றேன்.

"எதுக்குச் செத்தவங்க பேரை எழுதினீங்க?"

"வந்தவங்க எல்லார் பேரையும் எழுதச் சொன்னீங்க. அவங்களும் வந்தாங்க" என்றேன்.

பிலிமோன் அதை மெதுவாகச் சொன்னார். பிறகு செம்மூக்கர் நீளமாகப் பேசினார். போன மாதம் யாரோ இரண்டு பேர் அந்தப் பக்கத்துத் தீவில் ஒளிந்துகொண்டார்களாம். அதனால் ஒரு தலை கணக்கில் வராவிட்டாலும் ராக்கெட்டை விடக் கூடாது என்று உத்தரவாம். அமெரிக்காக் கரையில் எல்லாம் தயாராகி நிற்கிறதாம், பத்து, ஒன்பது என்று எண்ண ஆரம்பிக்க வேண்டியதுதானாம். இது ஒளிந்துகொள்கிற தந்திரமாக இருந்தால் இனி எபாயில் யாருக்கும் எந்தச் சாவுக்கும் சீட்டு கிடையாதாம். செத்தார் என்பதற்குக் காகிதம் இருக்கிறதா?

தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கிழவரோ கிழவியோ இருந்தார்கள்.

காகிதம் இருந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்தது. துணிப்பெட்டியிலிருந்து எடுத்து வந்து நீட்டினேன். கையெழுத்து, முத்திரை, தேதி எல்லாம் இருந்தது. செம்மூக்கர் பார்த்தார். இல்லை என்று தலையை ஆட்டினார். அதில் ரெபேக்கா என்று இருந்தது.

அம்மாவின் ஞானஸ்நானப் பெயர் ரெபேக்கா. ஆஸ்பத்திரியில் அதுதான் எழுதுவார்கள். ஊரில் ஒருவரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. இது வேற ஆள், லிமேத்தோ எங்கே என்று செம்மூக்கர் கேட்டார்.

அண்ணன் வாயைத் திறந்தான். "ஐயோ, ரெண்டும் ஒரே..." என்று ஆரம்பித்தான். சின்னம்மா அவன் பாதத்தின் மேல் ஏறி நின்றாள். சின்னம்மா நல்ல கனம்.

பிலிமோன் என்னைப் பார்த்தார். "என்னிக்குப் புதைச்சீங்க?" என்று எங்கள் பேச்சில் கேட்டார்.

"வியாழக்கிழமை."

அவர் விரலை மடக்கினார். வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள். ஆறாவது விரலுக்கு அடுத்த கைக்குப் போனார். "கல் பரப்பியாச்சா?"

"இல்லை."

"கல் இருக்கா?"

"கூடையில இருக்கு. மேட்டுப் பக்கத்துல."

"ரெண்டு பேரும் ஒருத்தர்தான்னு நான் ஒரு வார்த்தை சொன்னா இங்கேயே முடிஞ்சிடும்" என்றார் பிலிமோன். தெருவில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார். செம்மூக்கருக்கு மட்டும் புரியவில்லை. "சொல்லட்டுமா?"

நான் சின்னம்மாவைப் பார்த்தேன். தெருவில் முப்பது நாற்பது பேர். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு குழந்தை ஏதோ கேட்கப் போக, அதன் அம்மா வாயைப் பொத்தினாள்.

பிலிமோன் தொண்டையைச் செருமிக்கொண்டார். செம்மூக்கர் பக்கம் திரும்பி இங்கிலீஷில் சின்னதாக ஏதோ சொன்னார். செம்மூக்கர் கடிகாரத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கையில் இருந்த இரண்டு காகிதத்தையும் சேர்த்து மடித்தார்.

"நாளைக்குக் காலையில நேர்ல வந்து கண்ணால பார்க்கிறாராம்" என்றார் பிலிமோன். "இடம் காட்ட மக வரணும்னு சொல்லியிருக்கேன். அண்ணனும் வரலாம். ராக்கெட்டை ஒரு நாள் தள்ளி வைக்கிறாங்க."

அப்போதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, நம்புங்கள். மற்றவர்கள் என் முதுகில் தட்டினார்கள். கெட்டிக்காரி, வேண்டுமென்றே எழுதியிருக்கிறாள் என்றார்கள். இன்றைக்கும் சில பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். நான் வேண்டுமென்று எழுதவில்லை. எனக்குத் தெரிந்த வரிசையில் எழுதினேன், அவ்வளவுதான்.

சின்னம்மா மட்டும் வேலையைப் பார்த்தாள். "போறதுதான் போற, வரும்போது ஒரு ஈரப்பலா பறிச்சுட்டு வா. கிணத்துப் பக்கத்து மரத்துல. செத்தவளுக்கு இந்த டின் மீனை வச்சு வச்சு எனக்கே வெட்கமா இருக்கு."

செவ்வாய்க்கிழமை காலையில் தளத்துப் படகில் போனோம். செம்மூக்கர், பிலிமோன், ரேடியோப் பெட்டி வைத்திருந்த ஒரு சிப்பாய், அண்ணன், நான். மூடின கடலில் எங்கள் படகு ஒன்றுதான். வழியில் செம்மூக்கர் பிஸ்கோத்து நீட்டினார். அண்ணன் இரண்டு எடுத்துக்கொண்டான், ஒன்றை எனக்குக் கொடுத்தான். வியாழக்கிழமைக்குப் பிறகு அவன் எனக்குக் கொடுத்த முதல் பொருள்.

கூடை வைத்த இடத்திலேயே இருந்தது. மூடின ஓலை விலகிக் கிடந்தது, ஒரு நண்டு உள்ளே குடியேறியிருந்தது. அதை எடுத்து விட்டேன். செம்மூக்கர் சிலுவைக்கு முன்னால் குனிந்து ஆணியால் கீறின எழுத்தை ஒவ்வொன்றாகத் தன் காகிதத்தோடு ஒத்துப் பார்த்தார். எல்லா எழுத்தும் சரியாக இருந்தது. புது மண், ஆறடி மேடு. பார்த்தாகிவிட்டது, கிளம்பலாம் என்கிற மாதிரி நிமிர்ந்தார்.

நான் அதற்குள் முழங்காலில் உட்கார்ந்து தலைமாட்டிலிருந்து ஆரம்பித்திருந்தேன்.

அவர் பிலிமோனிடம் ஏதோ கேட்டார். பிலிமோன் ஏதோ சொன்னார். பிறகு எனக்குச் சொன்னார்: "என்ன பண்றீங்கன்னு கேட்டார். படுக்கை போடறாங்கன்னு சொன்னேன். இருபது நிமிஷம் கொடுத்திருக்கார்."

இருபது நிமிஷம் போதாது. கூடையில் இருந்தது பாதி மேட்டுக்குத்தான் வந்தது. நான் எழுந்திருக்கப் போனேன். "நீ பரப்பு" என்று சொல்லிவிட்டு அண்ணன் சட்டையைக் கழற்றிக்கொண்டு வெளிக்கடல் பக்கம் ஓடினான். சட்டையில் கட்டிக்கொண்டு வருவான், கொட்டுவான், மறுபடி ஓடுவான். அவன் அளவு பார்க்கவில்லை, அகப்பட்டதை அள்ளினான். மொச்சைக்கொட்டையும் புறாமுட்டையும் முஷ்டி அளவும் கலந்து கிடந்தது. அவன் நல்ல பருத்த ஆள், மூச்சு வாங்கியது. மூன்றாம் தடவை பிலிமோனும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவன் பின்னால் போனார்.

நான் பரப்பினேன். கல் உப்பும் வெயிலுமாகச் சூடாக இருந்தது. அது கைக்குத் தெரிந்தது. ஆறு நாளில் கைக்குத் தெரிந்த முதல் விஷயம் அதுதான். இப்போதாவது அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கால்மாடு வரை பரப்பி முடித்தேன். ஓரத்தை உள்ளங்கையால் ஒழுங்கு செய்தேன்.

செம்மூக்கர் முழு நேரமும் நின்றுகொண்டிருந்தார். இருபது நிமிஷம் ஆகி அதற்கு மேலும் ஆயிற்று, கடிகாரத்தைப் பார்க்கவில்லை. முடிந்ததும் பதினொன்று என்று எழுதியிருந்த காகிதத்தை எடுத்தார், பேனாவால் ஒன்றைக் கூட்டினார், ரேடியோவில் பேசினார்.

"என்ன சொல்றார்?" என்று அண்ணன் கேட்டான்.

"பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு" என்றார் பிலிமோன். "எல்லாரும் இருக்காங்கன்னு சொல்றார்."

படகுக்குப் போகும்போது கிணற்றுப் பக்கத்து மரத்திலிருந்து ஒரு ஈரப்பலாவைக் காலிக் கூடையில் போட்டுக்கொண்டேன். அதற்குச் சீட்டு இல்லை. யாரும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் அதைச் சுட்டு, கருகின தோலைச் சுரண்டி, பன்னிரண்டு துண்டு போட்டேன். அம்மா தட்டில் முதல் துண்டு. சாப்பிட்டு முடிந்ததும் அந்தத் துண்டை எடுத்து அண்ணனின் கடைசிப் பெண் வாயில் ஊட்டினேன். தட்டைக் கழுவி மற்றத் தட்டுகளோடு கவிழ்த்து வைத்தேன். சின்னம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு என்னை அழச் சொல்லவில்லை.

மறுநாள் சூரியன் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அது வந்தது. ஒலிபெருக்கி சொல்லி முடித்திருந்தது. வாசலில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். வடக்கே வானத்தில் ஒரே ராக்கெட் பிரிந்து மூன்று வெள்ளைக் கோடு, யாரோ நகத்தால் கீறின மாதிரி, சத்தமில்லாமல் இறங்கிற்று. சத்தம் வெகுநேரம் கழித்து வந்தது, அதுவும் பெரிதாக இல்லை. தெருப் பிள்ளைகள் எண்ணினார்கள். சொன்ன இடத்தில் விழுந்ததாம், தளத்தில் அன்றைக்கு எல்லோருக்கும் கேக் கொடுத்ததாக அண்ணன் சொன்னான். அரிசித் தண்ணீரைக் கொட்டிவிட்டு இரண்டாம் தண்ணீர் ஊற்றினேன்.

அதற்குப் பிறகு சீட்டுக் காகிதத்தில் ஒரு கட்டம் கூடிவிட்டது. உயிரோடு, உயிரில்லாமல் என்று பிரித்து எழுத வேண்டும். அதை நிரப்ப என்னைத்தான் கூப்பிடுவார்கள். எவ்வளவோ வருஷம் எழுதிக் கொடுத்தேன், எத்தனையோ பேருக்கு. என் பெயரையும் ஒரு நாள் யாராவது எழுதுவார்கள். எந்தக் கட்டத்தில் வேண்டுமானாலும் எழுதட்டும், வரிசையில் எழுதினால் போதும்.

இவ்வளவுதான் கதை. இருட்டுவதற்குள் கிளம்புங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் பாய் விரித்துத் தட்டு வைக்கிற நேரத்தில் ஒரு தலையும் குறையாமல் இருக்கட்டும். வெளியே போனவர்கள் எல்லோரும் கூப்பிட்டதும் "இருக்கேன்" என்று வாசலிலிருந்து குரல் கொடுக்கட்டும். உங்கள் மண் உங்கள் காலடியிலேயே இருக்கட்டும், உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும்.